மீசை இல்லாத டப்பா

தொலைபேசி அறையில் மொத்தம் ஆறு நாற்காலிகள். மூன்றாவதில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் நிதானக்கா என்று கூப்பிட்டார்கள். எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும், "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரே சீராகப் பேசுவாள். கத்த ஆரம்பித்தவர்கள் கடைசியில் "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். பதினோரு வருடத்தில் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அந்த நிதானமெல்லாம் தொண்டைக்கு மேலேதான் என்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு மட்டும் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பி வருகிறவள் அவள்.

கம்பெனி தலைவலித் தைலம் செய்தது. எண்பத்திரண்டு வருடமாக ஒரே தைலம், ஒரே பச்சை மூடி. மூடியின் நடுவில் கம்பெனியை ஆரம்பித்தவரின் முகம்: வட்டக் கண்ணாடி, இரண்டு பக்கமும் மேலே ஏறி நிற்கும் மீசை. கம்பெனிக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் அதை யாரும் சொல்வதில்லை. கடைக்குப் போகிறவர்கள் "ஒரு மீசை கொடுங்க" என்பார்கள், கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். போலி செய்கிறவர்கள் வழக்குக்குப் பயந்து மீசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே அச்சடிப்பார்கள். அதனால் தொலைபேசி அறையின் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. 'மூடியில் மீசை இருக்கிறதா என்று கேட்கவும். இல்லையென்றால் அது நம் தயாரிப்பு அல்ல. பேட்ச் நம்பரைக் கேட்டுப் பதிவு செய்யவும்.' புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே மனப்பாடம் செய்வது அதைத்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். பதினான்கு பேர் வரிசையில் காத்திருப்பதாகத் திரை சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது. பேசியவர் தூரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் மருந்துக் கடைக்காரர்.

"அம்மா, உங்க தைலம் புதுசா ஒரு பெட்டி வந்திருக்கு. டப்பா வேற மாதிரி இருக்கு. ஒரிஜினல்தானான்னு கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன்."

"மூடியில மீசை இருக்கா சார்?"

"மீசையும் இல்ல, ஆளும் இல்ல. வெள்ளை மூடி. நடுவுல நீலத்துல வளைஞ்ச கோடு ஒண்ணு, பறவை பறக்குற மாதிரி. பேட்ச் நம்பர் போட்டிருக்கு, படிக்கட்டுமா? கே எட்டு ரெண்டு..."

"அதெல்லாம் வேண்டாம் சார். மீசை இல்லேன்னா நம்மளுது இல்ல. அது போலி."

"அப்போ விக்க வேண்டாமா?"

"தொட்டுக்கூடப் பாக்காதீங்க. குழந்தைங்க இருக்குற வீட்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க. என்னத்தக் கலந்திருக்காங்களோ, யாருக்குத் தெரியும்?"

"நல்ல வேளை, கேட்டேன்" என்றார் கடைக்காரர். நன்றி சொல்லிவிட்டு வைத்தார். குழந்தைகளைப் பற்றிச் சொன்னது அட்டையில் இல்லை, அவளாகச் சேர்த்தது. ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் ஒரு குரல் பதிவைப் போட்டாள். கீழே, 'இது நம்ம அண்ணி குரல் மாதிரியே இல்ல?' என்று எழுதி, சிரிக்கிற முகம் நான்கு.

நிதானக்கா அழுத்தினாள். 'தொட்டுக்கூடப் பாக்காதீங்க' என்று அவள் குரல் அவளிடமே சொன்னது. பதிவுக்கு மேலே யாரோ கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தார்கள்: 'மீசைத் தைலத்தில் விஷம்? கம்பெனியே ஒப்புதல்!' அடுத்தபடியாக ஒரு படம். வெள்ளை மூடி, நீலக் கோடு.

ஒன்பதாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது நீதானே? எங்க கிளாஸ்ல ரெண்டு நாளா இதான். நான் யார்கிட்டயும் சொல்லல."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? போலியைப் போலின்னு சொன்னேன்."

"அது போலி இல்லையாம்மா. அது புது டப்பாவாம். டிவியில சொல்லிட்டாங்க."

கணவர் வந்து பதிவை இரண்டு முறை கேட்டார். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் பேசுகிற அதே குரலில், "மொதல்ல உக்காரு. மூச்சு விடு. உன் வேலை அட்டையில இருக்கிறதைச் சொல்றது, சொன்ன. இதுல உன்மேல என்ன இருக்கு?" என்றார்.

பதிவில் ஓரிடத்தில் இரண்டு குரல்கள் மோதிக்கொண்டன. அவள் 'அதெல்லாம் வேண்டாம் சார்' என்று வெட்டிய பிறகும் கடைக்காரர் விடாமல் முணுமுணுப்பாக எண்ணைப் படித்து முடித்திருந்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்பதாவது தடவையில் எண் முழுதாகப் பிடிபட்டது. கே எட்டு ரெண்டு நாலு ஒண்ணு.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கணினியைத் திறந்தாள். எண்ணை அடித்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. 'சொந்தத் தயாரிப்பு. இரண்டாவது ஆலை. வெள்ளை மூடி.' கூடவே தயாரித்த தேதி. அன்று அவரை ஐந்து எழுத்துப் படிக்க விட்டிருந்தால் போதும். ஐந்தே எழுத்து.

ஒன்பது மணிக்கு அறை சந்தைக்கடை ஆனது. ஆறு பேருக்கும் மூச்சுவிட நேரமில்லை. "நீங்களே விஷம்னு சொல்லிட்டீங்களாமே?" "எங்க மாமியார் நேத்துதான் பூசினாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" "மீசையை ஏன் மழிச்சீங்க?" நிதானக்கா வாயைத் திறந்து "வணக்கம்" என்றதுமே எதிர்முனையில் ஒரு பெண், "ஐயோ, அந்தக் குரல்! இங்க வாங்க, அவங்களேதான் பேசுறாங்க!" என்று வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டாள். நிதானக்கா இணைப்பைத் துண்டித்தாள். பதினோரு வருடத்தில் அவளாகத் துண்டித்த முதல் அழைப்பு அது.

பத்தரைக்கு அறை மேற்பார்வையாளர் வந்து தோளைத் தொட்டார். "மேல கூப்பிடறாங்கக்கா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேல் மாடி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் விற்பனைப் பிரிவின் தலைவர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மற்றவர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர். கம்பெனிகளுக்குக் கெட்ட பெயர் வந்தால் அதற்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் தொழில் என்று மேற்பார்வையாளர் படியேறும்போது கிசுகிசுத்திருந்தார். மேசைமேல் புது டப்பா ஒன்று இருந்தது. நிதானக்கா அதை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழகாகத்தான் இருந்தது. எந்தக் கடையிலும், எந்தப் பொருளின்மேலும் இருக்கக்கூடிய அழகு.

"ஒண்ணாம் தேதி விழா வச்சு அறிமுகம் பண்றதா இருந்தோம்" என்றார் தலைவர். "எல்லாம் ரகசியம். தூரத்து ஊர்களுக்கு மட்டும் சரக்கு முன்னாடியே கிளம்பணும். அங்க ஒரு ஏஜென்ட் அவசரப்பட்டுக் கடைக்கு இறக்கிட்டார்."

"எங்க அறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"முப்பத்தொண்ணாம் தேதி சொல்றதா இருந்தது."

மேற்பார்வையாளர் தரையில் எதையோ தேடுவதுபோல் நின்றார்.

ஆலோசகர் மிக மெதுவாகப் பேசினார், நோயாளி தூங்குகிற அறையில் பேசுவதுபோல. "நடந்ததை விடுங்க. இன்னைக்கு மத்தியானம் கம்பெனி ஓர் அறிக்கை விடுது. அந்தக் குரல் எங்க ஊழியருடையது இல்ல. பதிவு ஜோடிக்கப்பட்டது. பரப்பினவங்கமேல நடவடிக்கை. அவ்வளவுதான், மூணு வரி. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இனிமே போன்ல பேசாதீங்க. யார் கேட்டாலும் நான் இல்லேன்னு சொல்லுங்க."

"அந்தக் கடைக்காரர் என்ன ஆவார் சார்? அவர் உண்மையாத்தானே கேட்டார்."

"அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போகும். பயந்துபோய் மன்னிப்புக் கேப்பார், முடிஞ்சது. அவர் ஒரு கடைக்காரர்மா. இது எண்பது வருஷத்துப் பேரு."

ஒரு தாளை நீட்டினார். இதுபற்றி வெளியில் பேசமாட்டேன் என்று நான்கு வரி. வேலை போகாது என்று தலைவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். நிதானக்கா கையெழுத்துப் போட்டாள். படியிறங்கும்போது கால்கள் லேசாக இருந்தன. வேலை இருக்கிறது, மகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது, வீடு இருக்கிறது. கீழ்ப்படிக்கு வந்தபோதுதான் அந்த லேசு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவளுக்கு அறையின் கோடியில், ஏசியின் தண்ணீர் சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டார்கள். எழுத்தில் வரும் புகார்களுக்குப் பதில் அடிக்க வேண்டும். பேசக்கூடாது. அடுத்த எட்டு நாளில் பேசாமல் இருப்பது அலுவலகத்துக்கு வெளியிலும் பழகிப்போனது. காய்கறிக் கடையில் விரலால் காட்டினாள். பஸ்ஸில் யாரோ ஒருவன் அவள் குரலை ஒரு தாளத்துக்குள் கோத்திருந்த பாட்டை வைத்தான். 'தொட்டுக்கூட, தொட்டுக்கூட, தொட்டுக்கூடப் பாக்காதீங்க.' பின்சீட்டில் சிரிப்பு. நடத்துநர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டபோது வாயைத் திறக்கப் பயந்து, சில்லறையை நீட்டி மூன்று விரலைக் காட்டினாள். ஊமை என்று நினைத்து அவர் மூன்றாவது நிறுத்தம் வந்ததும் தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

வீட்டிலும் தொலைபேசி அடித்தால் மகள்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாத்தனார் ஒரு நாள் கூப்பிட்டபோது மகள் ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது அண்ணி என்று நினைத்து அவள், "அண்ணி, அன்னைக்குச் சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன். கம்பெனி அது போலிக் குரல்னு சொல்லிடுச்சே, அப்போ நீங்க இல்லதானே?" என்று கேட்டாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். நிதானக்கா தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத ஓர் ஆட்டல்.

"அம்மா தூங்குறாங்க அத்தை" என்றாள் மகள். வைத்துவிட்டு, "இப்போ என்னையும் பொய் சொல்ல வைக்கிற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து ஐந்தாறு நிமிடம் இருக்கும். மேற்பார்வையாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்காவது நாற்காலியில் இருந்த பெண், வேலைக்கு வந்து ஆறு மாதமே ஆனவள், காதுக்கருவியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, அவர். அந்த மருந்துக் கடைக்காரர். அந்தக் குரல் எங்க ஊழியருது இல்லேன்னு எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். கேக்க மாட்டேங்குறார். அழறார்க்கா. நான் என்ன சொல்லட்டும்?"

"மேற்பார்வையாளர் வந்து பேசுவார்னு சொல்லு."

அவள் சொன்னாள். கேட்டாள். மறுபடி பொத்தினாள். "அஞ்சு நாளா இதையேதான் சொல்றாங்களாம்."

நிதானக்கா எழுந்தாள். எழுந்தது ஏன் என்று பிற்பாடு கணவர் கேட்டபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"...நான் ஒரு எழுத்துகூடச் சேக்கலைம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வியாபாரிங்க குழுவுல இருக்கிற நாலு பேர் ஏமாறக்கூடாதேன்னு அனுப்பினேன். அதை எவனோ எடுத்து ஊர் பூரா விட்டுட்டான். விஷம்னு நான் போடல. இப்போ நான்தான் ஜோடிச்சேன்னு நோட்டீஸ் வந்திருக்கு. பத்திரிகையில போட்டுட்டாங்க. கடைக்கு வர்றவங்க, நீயே பொம்பளைக் குரல்ல பேசினியான்னு கேக்கறாங்கம்மா. என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடக்கறா. லைசென்ஸை எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்க. அந்த அம்மாவை ஒரே ஒரு தடவை பேசச் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"சார்" என்றாள்.

எதிர்முனையில் அழுகை சட்டென்று நின்றது. அந்த ஒரு சொல்லிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான்தான் சார் அன்னைக்குப் பேசினேன். அந்த டப்பா போலி இல்ல. எங்களுதுதான். எங்க அறைக்குப் புது டப்பாவைப் பத்திச் சொல்லல. ஆனா நீங்க பேட்ச் நம்பர் படிச்சீங்க. நான் கேட்டிருக்கணும். கேக்கல. குழந்தைங்களைப் பத்திச் சொன்னதும் நானாச் சொன்னதுதான். உங்கமேல ஒரு தப்பும் இல்ல."

அவருக்குப் பின்னால் ஏதோ மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ நான் பைத்தியக்காரன் இல்ல" என்றார். பிறகு, "இதை எழுதிக் கொடுப்பீங்களாம்மா?" என்றார்.

கையெழுத்துப் போட்ட தாள் கண்முன் வந்தது. நான்காவது நாற்காலிப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மற்ற நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள உங்களுக்குப் பதில் வரும் சார். எப்படியும் வரும்."

கருவியைக் கழற்றி வைத்தாள். இந்த அறையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. மேற்பார்வையாளர் வந்து கேட்க அரை மணி ஆகலாம், விற்பனைத் தலைவர் காதுக்குப் போக இன்னொரு அரை மணி. தண்ணீர்கூடக் குடிக்காமல் படியேறினாள். மேல்மாடியில் விற்பனைத் தலைவரின் அறையைத் தாண்டி, கோடியில் இருந்த முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். நிறுவனரின் பேத்தி. பதினோரு வருடத்தில் அவரிடம் நிதானக்கா நேருக்கு நேர் பேசியது ஒரே ஒரு முறை, ஆண்டு விழாவில் பரிசு வாங்கும்போது.

வெளியில் இருந்த செயலாளர், "நேரம் வாங்கியிருக்கீங்களா?" என்றாள்.

"இல்ல. அந்தக் குரல் நான்தான்னு சொல்லுங்க."

உடனே கூப்பிட்டார்கள்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். நிதானக்கா எல்லாவற்றையும் சொன்னாள்: செவ்வாய்க்கிழமை அழைப்பு, பேட்ச் நம்பர், கையெழுத்து, சற்று முன் பேசியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவும் இல்லை.

"உங்க பேரு என்ன, என்ன வேலைன்னு எல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் முதலாளியம்மா. "தெரிஞ்சுதான் அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டேன். எனக்கு யாரும் மறைச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டு வந்திருந்தா, அது தப்பு."

நிதானக்கா அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்களுக்கு அது ஒரு போன் கால். எனக்கு இந்த ஒரு வாரத்துல எத்தனை கடையில சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்காங்க தெரியுமா? ரெண்டு ஆலை, அறுநூறு பேரு. தாத்தா முகத்தை மாத்தாதேன்னு வீட்டிலயே ரெண்டு வருஷமா சண்டை. சின்ன வயசுக்காரங்க யாரும் வாங்கறதில்லேன்னு கணக்குக் காட்டித்தான் மாத்தினேன். மாத்தின மறுவாரம், கம்பெனிக் குரலே அது விஷம்னு சொல்லுது. நான் என்ன பண்ணியிருக்கணும்? சொல்லுங்க."

"நான் விஷம்னு சொல்லலம்மா."

"என்ன கலந்திருக்காங்களோன்னா வேற என்ன அர்த்தம்?"

நிதானக்கா அதே சொல்லை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த அர்த்தம்தான் வந்தது.

"எழுதிக் கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் முதலாளியம்மா. "கொடுத்தா அது கோர்ட்டுக்குப் போகும். கம்பெனி பொய் சொல்லிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த நிமிஷமே உங்களை வெளிய அனுப்ப வேண்டியிருக்கும்."

"தெரியும்மா. அதனாலதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன். நீங்க எழுதிக் கொடுத்தா நான் கொடுக்க வேண்டியதில்ல. நீங்க கொடுக்கலேன்னா நான் சாயங்காலம் கொடுத்துடுவேன். அவருக்கு வாக்குச் சொல்லிட்டேன்." குரல் எப்போதும்போல் சீராக வந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளிறிப்போயிருந்தன.

"மிரட்டுறீங்களா?"

"இல்லம்மா. பயமா இருக்கு. பயத்துலதான் பேசறேன்."

முதலாளியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வெளிய உக்காருங்க."

வெளியில் நீளமான இருக்கை ஒன்று இருந்தது. எதிர்ச் சுவரில் கம்பெனியின் பழைய விளம்பரங்கள், எட்டுச் சட்டங்களில், எட்டிலும் மீசை. விற்பனைத் தலைவர் வேகமாக உள்ளே போனார். ஆலோசகர் போனார். வக்கீல் வந்தார். கதவுக்குப் பின்னால் குரல்கள் ஏறி இறங்கின. ஒரு தடவை 'கத்துக்குட்டித்தனம்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. யார் யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கணவர் கூப்பிட்டார். தான் செய்ததைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. வேலை போனா போகட்டும். நீ சாப்பிட்டியா?" என்றார். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று போகாமலே இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வெளியே வந்தவர் ஆலோசகர். பையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் லிஃப்டுக்குப் போனார். அதன் பிறகு செயலாளர் வந்து ஒரு தாளின் நகலைக் கொடுத்தாள். கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாள். கடைக்காரருக்கு எழுதியது. வக்கீல் நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது. அந்தக் குரல் எங்கள் ஊழியருடையதே. பதிவில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. புதிய டப்பா எங்கள் தயாரிப்பே. எங்கள் ஊழியர்களுக்கு நாங்கள் முன்கூட்டியே தெரிவிக்காததால் ஏற்பட்ட தவறு. முந்தைய அறிக்கை உண்மைக்கு மாறானது. கீழே முதலாளியம்மாவின் கையெழுத்து, பேனா அழுந்தித் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. மறுநாள் பத்திரிகைகளிலும் அதே வாசகம் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 'பொய் சொன்ன மீசை' என்று புதிதாகக் கேலி கிளம்பியது. இரண்டு மாதம் ஆலையில் ஒரே ஒரு ஷிப்ட் வேலைதான் நடந்தது. நிதானக்கா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் பேச்சு அடங்கியது. ஆலைக்காரர்கள் சிலர் அவளைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். விற்பனைத் தலைவர் இன்னும் அதே அறையில்தான் இருந்தார். புது டப்பாவும் அப்படியே தொடர்ந்தது. மீசைக்காரரின் முகத்தை மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு அடிப்பக்கத்தில் அச்சடித்தார்கள். தொலைபேசி அறையில் பழைய அட்டையை எடுத்துவிட்டு, 'முதலில் பேட்ச் நம்பரைக் கேட்கவும்' என்று புது அட்டை மாட்டினார்கள்.

நிதானக்காவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பேட்ச் நம்பரைப் பதிவு செய்யத் தவறியதற்கும், தடையை மீறிப் பேசியதற்கும் ஒரு மெமோ கொடுத்தார்கள். மெமோ நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியதால் மறுப்பு எழுதவில்லை. ஆனால் மூன்றாவது நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. வாளிக்குப் பக்கத்து மேசையே நிரந்தரமானது. கடிதங்களுக்குப் பதில் அடிப்பதோடு சரி. "உங்க குரல் ரொம்பப் பிரபலமாயிடுச்சேக்கா" என்று மேற்பார்வையாளர் சங்கடத்தோடு சொன்னார்.

கடைக்காரருக்கான கடிதத்தின் நகல் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்கு வந்ததும் அவளே நாத்தனாருக்குப் போன் போட்டிருந்தாள். "அது நான்தான்" என்றாள். எதிர்முனையில் பத்து நிமிடம் கேள்விமேல் கேள்வி. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு வாரம் கழித்து அவள் மேசைக்கு வந்த கடிதக் கட்டில் மருந்துக் கடைக்காரரின் கடிதம் ஒன்று இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை. கம்பெனியின் கடிதம் கிடைத்தது என்றும், அதைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். மனைவி எழுந்து நடமாடுகிறாராம். 'ஆனால் உங்கள் தைலத்தை நான் இனிமேல் வைப்பதாக இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போதும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு முடியவில்லை. அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லிவிடவும். அவருடைய பெயரை நான் கேட்க மறந்துவிட்டேன்.'

அவள் இரண்டு முறை படித்தாள். அன்று காலை கம்பெனிக்குத் திரும்பி வந்திருந்த தைலப் பெட்டி ஒன்று அவருடைய ஊரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "வாடிக்கையாளர் விலகல்னு போட்டு முடிச்சுடுங்க. இதுக்கெல்லாம் பதில் போட வேண்டியதில்ல" என்றார்.

"நான் போட்டுக்கிறேன்" என்றாள் நிதானக்கா. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதி போட்டு, முதல் வரியிலேயே தன் பெயரை எழுதினாள்.